கோட்டுக்குத்தான் எண், ஆளுக்கு இல்லை

பதினோரு பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"என்ன ஐனோ, கை வலிக்குதா?" என்றான் வெர்லின் ஸ்ட்ரோய்க். தீவனக் கடைக்காரன். ஜூரிகளுக்குத் தலைவன் அவன்தான். யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. அறைக்குள் வந்ததும் மேசையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான், மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

"கை நல்லாத்தான் இருக்கு."

"அப்ப தூக்கறதுக்கு என்ன?"

"அவன்தான் சுட்டான்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்குக் கை தூக்க மாட்டேன்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ "அட கடவுளே" என்றார்கள். எங்களில் மூன்று பேர் மாடு வைத்திருப்பவர்கள். பால் கறக்கும் நேரம் நெருங்குகிறது என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒருவனை நாற்பது வருஷம் உள்ளே தள்ளுகிற காரியம், மாட்டு மடி கனப்பதற்குள் முடிந்துவிட வேண்டும்.

வழக்கு இதுதான். விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் ஆம்பிளை இருக்க மாட்டான். கோயிலுக்குப் போகாதவன்கூட அன்றைக்குக் காட்டுக்குப் போவான். காட்டுக்குள் போகிறவன் ஆரஞ்சு நிறத்தில் உடுத்த வேண்டும் என்று சட்டம். முதுகில், அரசாங்கம் கொடுத்த எண் அட்டையை ஊக்குக் குத்தி மாட்டியிருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அந்த சனிக்கிழமை மதியத்துக்கு மேல், கெர்ஹார்ட் ப்ரோகாப் தன் சொந்த மேட்டு நிலத்தில் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது முதுகில் குண்டு பாய்ந்து செத்தார். பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். என் நிலத்தில் நான் ஏன் ஆரஞ்சு உடுத்த வேண்டும் என்று கேட்கிற ஜாதி. குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது, கிடைக்கவே இல்லை. பக்கத்துப் பண்ணை அம்மாள் சத்தம் கேட்டு, தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மேட்டிலிருந்து ஓர் ஆள் அவசரமாக இறங்கிப் போகிறான். முகம் தெரியவில்லை. முதுகு தெரிந்தது, எண் தெரிந்தது. ஷெரிஃபுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அந்த எண் லைல் டுப்ரேயுடையது. மரக்கூழ் ஆலையில் கூலி வேலை பார்க்கிற பையன். அப்பன் குடித்தே செத்தவன், அண்ணன் திருட்டுக் கேஸில் உள்ளே இருக்கிறான். போன இலையுதிர் காலத்தில் லைல் மரத்தில் கட்டியிருந்த வேட்டைப் பரணை, என் எல்லைக்குள் இருக்கிறது என்று கெர்ஹார்ட் பிய்த்துப் போட்டார். இருவரும் பெட்ரோல் பங்கில் கைகலக்காத குறையாகக் கத்திக்கொண்டார்கள். ஊரே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஷெரிஃபின் ஆட்கள் போனபோது லைல் வீட்டு வாசலில் அந்த ஆரஞ்சுக் கோட்டு தொங்கியது, அதே எண்ணோடு. அவ்வளவுதான், கதை முடிந்தது.

"எண் பொய் சொல்லாது" என்று அரசு வக்கீல் கடைசிப் பேச்சில் மூன்று தடவை சொன்னார். நல்ல கோட்டு, நல்ல ஷூ, நல்ல குரல். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறவனை நான் நம்பியதில்லை. லைலுக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் மாடிசன் நகரத்துப் பையன். ஆரஞ்சு நிறத்தை அவன் வாழ்நாளில் பழத்தில் மட்டும்தான் பார்த்திருப்பான். அவனையும் நான் நம்பவில்லை. லைலையும் நம்பவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு தாடையை மென்றுகொண்டிருந்தான். என் மகளை அவனோடு ஒரு கூரைக்குக் கீழே நிற்க விடமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டது அவன் நல்லவனா என்று இல்லை.

"சரி பெரியவரே, உங்களுக்கு என்னதான் தெரியல? சொல்லுங்க" என்றாள் ஆர்டித் நிக்குவிஸ்ட். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். குற்றவாளி என்று முதலில் கை தூக்கியது அவள்தான். ஆனாலும் ஒருத்தர் பேசினால் முழுக்கக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

"அந்தம்மா பாத்தது கோட்டை. கோட்டுல இருந்த எண்ணை. உள்ள யார் இருந்தான்னு பாக்கல."

"அவன் கோட்டுக்குள்ள அவன்தானே இருப்பான்? உன் பேன்ட்டுக்குள்ள வேற யாராச்சும் இருக்கானா?" என்றான் வெர்லின். சிரித்தார்கள்.

"வேட்டை ஆரம்பிக்கிற சனிக்கிழமை, மத்தியானம், ஆகி கடையில கோட்டுங்க என்ன ஆகும் வெர்லின்? நீயே சொல்லு."

சிரிப்பு நின்றது. சட்டென்று நின்றது. அடுப்பை அணைத்தால் கொதி அடங்குகிற மாதிரி மெதுவாக இல்லை.

ஆகி என்பவன் காட்டு விளிம்பில் பார் நடத்துகிறான். வேட்டை நாளில் விடியலிலிருந்து உறைந்துபோய்க் கிடந்தவர்கள் எல்லாம் மதியம் அவனிடம்தான் பீன்ஸ் சூப்பும் பிராந்தியும் சாப்பிட வருவார்கள். ஈரக் கோட்டுகளைக் கழற்றி விறகு அடுப்புக்குப் பக்கத்தில் குவியலாகப் போடுவார்கள். எல்லாம் ஆரஞ்சு. எல்லாம் ஒரே கடையில் வாங்கியது. வயிறு நிறைந்து, பிராந்தி ஏறி, வெளிச்சம் போவதற்குள் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்கிற அவசரத்தில் எழுந்திருப்பவன், குவியலில் மேலே கிடப்பதை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்து, உன்னுடையது இது, என்னுடையது அது என்று சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். வருஷா வருஷம் நடப்பது. முட்டி போகும்வரை நானும் வேட்டைக்குப் போனவன்தான். ஒரு மதியம்கூட என் கோட்டோடு நான் திரும்பிய ஞாபகம் இல்லை.

அந்த அறையில் இருந்த ஆம்பிளைகள் எல்லோருக்கும் இது தெரியும். தாங்கள் எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவோம் என்பது தெரிகிற அளவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் விசாரணை நடந்தபோது ஒருவன் முகத்திலும் ஒரு சுருக்கம் விழவில்லை.

"கோர்ட்டுல யாரும் அதைச் சொல்லலியே" என்றாள் ஆர்டித். "சாட்சியில இல்லாததை நாம எடுத்துக்கக் கூடாது."

"இருக்கு டீச்சர். ஆகியைக் கூண்டுல ஏத்தினாங்க இல்ல? லைல் மத்தியானம் வந்தானான்னு கேட்டாங்க. வந்தான், மத்தவங்க மாதிரி கோட்டை அடுப்புக்கிட்ட குவியல்ல போட்டான், சூப் குடிச்சான், போனான்னு சொன்னான். சாயங்காலம் திரும்ப வந்து பிராந்தி குடிச்சான்னும் சொன்னான். குவியல்னு அவன் வாயாலயே வந்துச்சு."

"ஆமா, சொன்னான்" என்றான் மாட்டுக்காரர்களில் ஒருவன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த மாடிசன் பையன் அதைக் கேட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான். அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே! கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களேய்யா!"

"கத்தாத" என்றான் வெர்லின்.

"கத்துவேன்."

"அப்படி மாறிப் போயிருந்தா லைல் சொல்லியிருப்பான்ல? வாயத் தொறக்கவே இல்லையே அவன்?"

"அவன் பேசாததை அவனுக்கு எதிரா எடுத்துக்கக் கூடாதுன்னு நீதிபதி சொன்னப்ப நீ தூங்கிட்டிருந்தியா? சரி, சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடுத்தவன் எண்ணை மாட்டிட்டு வேட்டையாடினேன்னு ஒத்துக்கணும். வனத்துறைக்காரன் துப்பாக்கியைப் பிடுங்குவான். என் கோட்டை அங்க சாப்பிட்டவன் எவனோதான் போட்டுட்டுப் போனான்னு சொன்னா, நாளைக்கு இந்த ஊர்ல அவனுக்கு எவன் வேலை குடுப்பான்? டுப்ரே வீட்டுப் பையன் சொல்றதை நீ நம்பியிருப்பியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அவன் நெஞ்சைத் தொடவில்லை.

அப்போதுதான் மார்லிஸ் வாய் திறந்தாள். நர்சிங் ஹோமில் சமைக்கிறவள். மேசையின் கடைசியில் உட்கார்ந்து அதுவரை கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க வீட்டுக்காரர் கோட்டுக் காலர்ல பேர் தைச்சு அனுப்புவேன்" என்றாள். "சிவப்பு நூல்ல. ஒரு வருஷம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப காலரைப் பாத்தா, 'பாதிரியார் கொவால்ச்சிக்'னு இருந்துச்சு. இவரு பிராந்தி வாடையோட பாதிரியார் கோட்டுல நிக்கறாரு. கோட்டு என்கிட்ட இருக்கே, பாதிரியாருக்கு இன்னிக்கு நான்தான் பாவமன்னிப்பு குடுத்தேன்னு சொல்றாரு."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி. மாட்டுக்காரர்கள் மூவரும் சிரித்தார்கள். ஒருவன், "எனக்கு ஒருதரம் ரெண்டு சைஸ் சின்னது. பட்டனே போட முடியல, மூச்சைப் பிடிச்சுக்கிட்டே மான் சுட்டேன்" என்றான். சொன்ன பிறகுதான், எதைச் சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. முகம் சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்தான்.

மறுபடி கை தூக்கினோம். குற்றவாளி என்று எட்டுக் கை.

வெர்லினுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "கெர்ஹார்ட் செத்துக் கிடக்கறாரு. நல்ல மனுஷன். நீங்க கோட்டுக் கதை சொல்லிச் சிரிக்கறீங்க. பரணைப் பிச்சுப் போட்டதுக்கு அவனைப் பாத்துக்கறேன்னு லைல் சொல்லல? பெட்ரோல் பங்க்ல நானே கேட்டேன்!"

"நீயே கேட்டியா? அதை நீதிபதிகிட்ட சொன்னியா, ஜூரில உக்காரும்போது?"

"ஊரே கேட்டுச்சு."

ஒரு பக்கமும் சாயாமல் முடிவு சொல்ல முடியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று நீதிபதி ஆரம்பத்தில் கேட்டார். எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டினோம். செத்தவருக்கும் மாட்டிக்கொண்டவனுக்கும் சம்பந்தமே இல்லாத பன்னிரண்டு பேர் வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்தில் கல்லறையில்தான் தேட வேண்டும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"கோபத்துல பாத்துக்கறேன்னு சொல்றவன் எல்லாம் கொலைகாரன்னா, என் பொண்டாட்டி என்னை முப்பது வருஷம் முன்னாடியே கொன்னிருக்கணும்" என்றேன். "அந்த மனுஷன் பழுப்புக் கோட்டுல குனிஞ்சு வேலி கட்டிட்டிருந்தாரு. பிராந்தி போட்டுட்டு வந்த எந்த முட்டாளும் மானுன்னு நெனச்சுச் சுட்டிருக்கலாம். கிட்டப் போய்ப் பாத்துட்டு, செத்தது மனுஷன்னு தெரிஞ்சதும் ஓடியிருக்கலாம். லைலும் சுட்டிருக்கலாம். இல்லன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியலன்னுதான் சொல்றேன்."

"தெரியல, தெரியல, தெரியல! உள்ள வந்ததுலேர்ந்து இதே பாட்டு. அப்ப ஒருத்தனும் ஜெயிலுக்குப் போக வேண்டாமா?"

"தப்பானவன் போறதுக்கு ஒருத்தனும் போகாம இருக்கலாம்."

சாண்ட்விச் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் பிரிக்கவில்லை. நான் பிரித்துச் சாப்பிட்டேன். என்னை மடக்கப் பசியைத்தான் நம்பியிருந்தார்கள் என்றால் அது தப்புக் கணக்கு.

ஆர்டித் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெர்லின் தன்னோடு கை தூக்கிய மற்ற ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். அவர்கள் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ விவரமில்லாத பிள்ளைகளிடம் பேசுகிறவன் மாதிரி சொன்னான்:

"கொஞ்சம் யோசிங்கய்யா. நாம இவனை விட்டுட்டா விஷயம் இதோட நிக்காது. அன்னிக்கு ஆகி கடைல சாப்பிட்ட ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நீ யார் கோட்டைப் போட்டுட்டுப் போன, உன் கோட்டை யார் போட்டாங்கன்னு. என் மச்சான் அங்க சாப்பிட்டான். உங்க அண்ணன் தம்பி சாப்பிட்டாங்க. அவங்களை எல்லாம் இதுல இழுத்து விடணுமா? அதுவும் ஒரு டுப்ரேக்காக?"

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். ஆனால் நான் பேசுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"வெர்லின், இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள் ஆர்டித்.

"எதை?"

"அவங்களை எதுக்கு விசாரிப்பாங்க?"

"அதான் சொன்னேனே. கோட்டு..." அவன் நிறுத்தினான்.

"கோட்டு மாறியிருக்கும்னு நீங்க நெனக்கலன்னா, அவங்களைக் கூப்பிடுவாங்கன்னு எதுக்குப் பயப்படறீங்க?"

மேசையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

"உனக்குத் தெரியும்! வேற ஒருத்தன் அந்தக் கோட்டுல இருந்திருக்கலாம்னு உனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும். உன் மச்சானாக்கூட இருக்கலாம்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கையைத் தூக்கின. நீ மட்டுமா? நீ, நீ, அதோ நீயும். எவன் வீட்டுப் பிள்ளையோ மாட்டறதுக்கு, கேக்க நாதியில்லாத இவனே மாட்டட்டும்னு தூக்கினீங்க. நீதிபதி அரை மணி நேரம் விளக்கினாரே, நியாயமான சந்தேகம், நியாயமான சந்தேகம்னு? அது வேற எதுவும் இல்லடா முட்டாளே. இப்ப உன் வயித்தைக் கலக்குதே, அதுதான் அது!"

"யாரைடா முட்டாள்ங்கற, கிழட்டு நாயே" என்று அவன் எழுந்தான். மாட்டுக்காரன் ஒருவன் நடுவில் வந்து நின்றான். கதவைத் தட்டி, வெளியே இருந்த காவலர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். "சரியா இல்ல, ஆனா வேண்டாம், நீங்க வெளியிலயே இருங்க" என்றாள் மார்லிஸ்.

ஆர்டித் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான் அந்த எண்ணை நம்பினேன். எங்க வீட்டுல வேட்டைக்கு யாரும் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல" என்றாள். பிறகு ஆம்பிளைகளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள். நான் கத்தியதைவிட அது அவர்களுக்கு அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் யாரும் யாரோடும் வாதாடவில்லை. ஒவ்வொருவராக மாறினார்கள். மனசு திருந்தி மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் வெட்கத்தில் மாறினார்கள், ஒருவன் மாட்டுக்காக மாறினான். வெர்லின்தான் கடைசி. அவன் கை தூக்கக்கூட இல்லை. "என்னமோ எழுதிக்குங்க" என்றான்.

நீதிமன்றத்தில் அவன்தான் எழுந்து படிக்க வேண்டியிருந்தது. குற்றவாளி இல்லை என்று, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தான். லைல் டுப்ரே அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாடிசன் பையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கினான். எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். நன்றி எதுவும் அதில் இல்லை. இவ்வளவு நேரம் ஆனதா உங்களுக்கு என்று கேட்கிற மாதிரி இருந்தது. கேட்டிருந்தால் நியாயம்தான். அவன் சுட்டானா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெளியே பனி பெய்வது நின்றிருந்தது. வண்டிகள் நிற்கும் இடத்தில் கெர்ஹார்டின் மனைவி ஐரீன் எனக்காகக் காத்திருந்தாள். தலையில் துணிகூடக் கட்டவில்லை.

"ஐனோ, உங்க எல்லார் சத்தமும் கீழ் மாடி வரைக்கும் கேட்டுச்சு. நீதான் மொதல்ல மாட்டேன்ன இல்ல?"

"நான்தாம்மா."

"அப்ப என் புருஷனைக் கொன்னது யாரு?"

"தெரியாது ஐரீன்."

"தெரியாதுங்கறதுக்கா இத்தனை நேரம்? அவனை அனுப்பிட்டு என்கிட்ட வந்து தெரியாதுன்னு சொல்ற. நான் வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்? அந்த வேலியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

அவள் என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் என் கோபம் அவள்மேல் இல்லை.

"ஷெரிஃப் உன்னை ஏமாத்திட்டாரு" என்றேன். "ஒரு எண்ணை வச்சுக்கிட்டு அதோட நிறுத்திட்டாரு. அன்னிக்கு மத்தியானம் ஆகி கடைல யார் யார் சாப்பிட்டா, யார் யார் கோட்டைப் போட்டுட்டுப் போனான்னு இந்த ஊர்ல ஒருத்தனைக்கூடக் கேக்கல. கேட்டா தன் ஆளுங்க பேரு வரும்னு எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நீ கேளு. நீ கேட்டா மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்றது கஷ்டம்."

"கோட்டா?" என்றாள். அவள் புருஷன் கூட்டத்தோடு வேட்டைக்குப் போகிறவர் இல்லை, அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் அடுப்புக் குவியலைப் பற்றிச் சொன்னேன், அன்றைக்கு அங்கே சாப்பிட்டதாக எனக்குத் தெரிந்தவர்களையும் சொன்னேன், வெர்லினின் மச்சான் உட்பட. கேட்கக் கேட்க அவள் முகத்தில் அழுகை போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"யாரை மொதல்ல கேக்கணும்?"

அந்தப் பக்கம் வெர்லின் தன் வண்டிக் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டான். பாதிக் கண்ணாடியைச் சுரண்டாமலேயே உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கையை நீட்டிக் காட்டவில்லை, அந்த அவசரமே போதுமாக இருந்தது. ஐரீன் பனியில் வழுக்கி வழுக்கி அவனிடம் போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வெறும் கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

"உன் மச்சான் அன்னிக்கு யாரு கோட்டுல போனான், வெர்லின்?"

அவன் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.